நல்ல காலுக்கும் ஒரு படம்

போன வாரம் வெட்டுக்கிளியை மணல் குழிக்கு இந்தப் பக்கமே குப்புற விழவைத்துவிட்டு நான் பேனாவை மூடிவிட்டேன். திட்டியிருப்பீர்கள். திட்டுங்கள், தாங்கிக்கொள்கிறேன். ஆனால் பாதித் திட்டை மிச்சம் வையுங்கள். அதற்குத் தகுதியான ஆள் ஒருவன் இந்த வாரம் வருகிறான்.

மறந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. வெட்டுக்கிளிக்குப் பதின்மூன்று வயது. நீளம் தாண்டுகிற பெண். விளையாட்டுப் பிள்ளைகளைத் தங்கவைத்துச் சொல்லித்தரும் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் நாளைக் காலை அவளுக்குத் தேர்வு. முந்தின நாள் எந்தப் புத்தியுள்ள கோச்சும் பிள்ளையை உட்காரவைத்துக் கால் நீவிவிடுவான். இவளுடைய கோச், முழு வேகத்தில் எட்டு முறை ஓடிவந்து தாண்டச் சொன்னான். ஏழாவது முறை, உந்தித் தாண்டுகிற பலகையில் கால் வைத்ததும் முழங்காலுக்குள் ‘டப்’பென்று ஒரு சத்தம். அந்த கோச் வேறு யாருமில்லை, பெற்ற அப்பன்தான். கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்குவதால் எல்லோருக்கும் அவன் ‘விசில்’.

விழுந்த மகளை அள்ளிக் காரில் போட்டுக்கொண்டு விசில் நேராக எங்கே போயிருக்க வேண்டும்? அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. அவன் போனது ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு. அழுக்குத் துணி மூட்டைகள் வெளியே போகிற வாசல் அது. அதிலிருந்து மூன்றாவது கதவு எக்ஸ்ரே அறை. அங்கே இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்ப்பவள் அவனுடைய கூடப்பிறந்த அக்கா. டாக்டர்கள்கூட அவளை ‘எக்ஸ்ரே அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“அக்கா, சீட்டு கீட்டு எல்லாம் வேணாம். சும்மா ஒரு படம் எடுத்துப் பாரு. சுளுக்காத்தான் இருக்கும்.”

எக்ஸ்ரே அக்கா அப்போதுதான் டீயை வாய்க்குக் கொண்டுபோனாள். தம்பியின் கையில் மகள் கிடந்தாள். வலது முழங்கால் வீங்கி, முட்டிச் சில்லு இருக்க வேண்டிய இடத்தைவிட்டு மேலே ஏறி நின்றது. டீயைக் கீழே வைத்தாள்.

“சுளுக்கா? யாருடா சொன்னா?”

“நான்தான் சொல்றேன். எத்தனை சுளுக்கு பார்த்திருக்கேன்!”

“நீ பார்த்த அழகுதான் இப்ப உன் கையில கிடக்கே. மேசை மேல படுக்க வை. மெதுவா! மூட்டையா இறக்கற?”

தம்பி மேல் அவளுக்கு மரியாதை போய் வெகு காலமாகிறது. அவனும் ஒரு காலத்தில் ஓடினான். எந்தப் பந்தயத்திலும் நாலாவது இடத்தைத் தாண்டியதில்லை. ஒருமுறை காற்று எதிரே அடித்தது என்பான், ஒருமுறை ஷூ சரியில்லை என்பான், ஒருமுறை துப்பாக்கிச் சத்தமே கேட்கவில்லை என்பான். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம், அந்த ஜாதி. தன்னால் முடியாததை ஊரார் பிள்ளைகள் காலில் சாதிக்கலாம் என்று விசிலை வாங்கி மாட்டிக்கொண்டான். பிறகு சொந்தப் பிள்ளையே நீளக் கால்களோடு பிறந்துவிட்டது. சும்மா விடுவானா?

“சீட்டு போட்டுட்டு வா,” என்றாள் அக்கா.

“அக்கா, நாளைக்கு செலக்‌ஷன். சீட்டு போட்டா பதிவாயிடும். அந்த ஸ்கூல் ஃபாரத்துல ‘எலும்பு முறிவு உண்டா’ன்னு ஒரு கேள்வி இருக்கு. நான் ஏற்கெனவே ‘இல்லை’ன்னு எழுதிட்டேன்.”

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். மகள் கால் கோணிக் கிடக்கிறது. இவனுக்கு ஃபாரம் கோணாமல் இருக்க வேண்டுமாம்!

“சீட்டு இல்லாம இந்த மெஷின் பல்லைக்கூடக் காட்டாது. பேரு, வயசு, நம்பர் இல்லைன்னா படம் விழாது. போ. போயிட்டுக் கதவுக்கு வெளியே நில்லு. உள்ள எக்ஸ்ரே ஓடும்போது உனக்கு இங்க வேலையில்லை.”

அது பாதி நிஜம். பெயரில்லாமல் படம் எடுக்க வழி உண்டு, அவசரத்துக்கு எடுப்பார்கள். ஆனால் தம்பிக்கு அது தெரியாது. அவனுக்குத் தெரியாதது எவ்வளவோ, அதில் இதுவும் ஒன்று. முணுமுணுத்துக்கொண்டே கவுன்ட்டருக்குப் போனான்.

அறையில் அத்தையும் வெட்டுக்கிளியும் மட்டும். பெண்ணின் முகம் வெளுத்திருந்தது, உதட்டோரம் மணல் ஒட்டியிருந்தது. அத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்.

“ரொம்ப வலிக்குதாடி?”

“அஞ்சு, அத்தை.”

“என்னது அஞ்சு?”

“பத்துக்கு அஞ்சு. அப்பா தினமும் கேப்பார். அஞ்சு வரைக்கும்னா ஓடலாம். ஆறு சொன்னா ரெஸ்ட்.”

“முட்டி பூசணிக்கா மாதிரி வீங்கியிருக்கு, இது அஞ்சா? அப்ப ஆறுன்னா என்ன, காலே கழண்டு விழணுமா?”

வெட்டுக்கிளி கூரையைப் பார்த்தாள். “ஆறு சொன்னா அன்னிக்கு அப்பா என்கூடப் பேச மாட்டார். சாப்பிடறப்பவும் பேச மாட்டார். அதனால நான் எப்பவும் அஞ்சுதான் சொல்வேன்.”

அந்த நேரத்தில் விசில் எதிரே நின்றிருந்தால் அதே விசிலை அவன் வாயில் திணித்திருப்பாள். வாயைக் கட்டுப்படுத்திக்கொண்டு, ஈய ஏப்ரனை மாட்டிக்கொண்டு, வலது காலுக்கு நேர் படம் ஒன்றும் பக்கவாட்டுப் படம் ஒன்றும் எடுத்தாள்.

திரையில் வந்தது. முழங்காலுக்குக் கீழே, கால் எலும்பின் முன்பக்கத்தில் ஒரு மேடு இருக்கும். தொடைத் தசை மொத்தமும் அந்த மேட்டைப் பிடித்துத்தான் காலை நீட்டுகிறது. வளர்கிற பிள்ளைகளுக்கு அந்த இடம் இன்னும் முழுசாக ஒட்டியிருக்காது. வெறிகொண்டு ஒரு உந்து உந்தினால், தசை ஜெயித்து எலும்பு தோற்கும். அப்படித்தான் தோற்றிருந்தது. மேடு சுவர்ப் பூச்சு மாதிரி பெயர்ந்து மேலே போயிருந்தது. பிளவு மூட்டுக்குள்ளும் ஓடியிருந்தது.

இனி நல்ல கால். இது அந்த அறையின் வழக்கம். பதினாறு வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு முட்டியைப் படம் எடுத்தால், வளரும் கோடு எது, உடைந்த கோடு எது என்று சில சமயம் டாக்டருக்கே குழப்பமாகும். அதனால் அடிபடாத காலையும் அதே மாதிரி ஒரு படம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு நிமிஷ வேலை.

அத்தை இடது காலைத் திருப்பிவைக்க முழங்காலுக்குக் கீழே கை கொடுத்தாள். வெட்டுக்கிளி ‘ஸ்ஸ்’ என்று பல்லைக் கடித்தாள்.

“ஏண்டி, இது நல்ல கால்தானே?”

“ஆமா அத்தை.”

“நல்ல காலுக்கு எதுக்கு ‘ஸ்ஸ்’?”

அத்தைக்கு அப்போதுதான் உறைத்தது. போன வருஷம் பள்ளிக்கூடப் போட்டிக்கு அவளும் போயிருந்தாள். வெயிலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, இந்தப் பெண் தாண்டுவதைப் பார்த்துக் கை வலிக்கத் தட்டியவள்.

“இரு இரு. நீ இடது கால்ல உந்தித்தானே தாண்டுவே? இன்னிக்கு எப்படி வலது முட்டி போச்சு?”

“மாத்திட்டோம்.”

“யாரு மாத்தினா?”

“அப்பாதான். இடது கால் முன்னெலும்பு வலிக்குதுன்னு சொன்னேன். அப்ப வலதுல ஏறு, அது சும்மாதானே இருக்குன்னார். நாலு மாசமா வலதுலதான் ஏறறேன். இடதுக்கு ஓட்டம் மட்டும்.”

கேட்டீர்களா? இடது கால் வலிக்கிறது என்றால் ஓய்வு கொடு, டாக்டரிடம் காட்டு என்று தெருவில் போகிறவன்கூடச் சொல்வான். இந்த மகாமேதை கால் மாற்றச் சொல்லியிருக்கிறான்! ஒரு சக்கரம் பஞ்சரானால் மறு சக்கரத்தில் வண்டி ஓட்டுகிற புத்திசாலி. இதற்கு இரண்டு சான்றிதழ் வேறு, கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறான்.

வழக்கமான படத்தில் முட்டி மட்டும்தான் விழும். எக்ஸ்ரே அக்கா, படம் விழும் இடத்தைக் காட்டுகிற வெளிச்சக் கட்டத்தைக் கீழே இழுத்து, முட்டியிலிருந்து கணுக்கால் வரை திறந்தாள். “அசையாதே கண்ணு,” என்று சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போய் பட்டனை அமுக்கினாள்.

முட்டி சுத்தமாக இருந்தது. அதற்கு ஒரு சாண் கீழே, நீள எலும்பின் முன்விளிம்பு தடித்திருந்தது. தடித்த இடத்தின் நடுவில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு, நகத்தால் கீறினது போல. ஒரே நாளில் விழுந்த அடி அல்ல அது. ஓடி ஓடி, குதித்துக் குதித்து, ஆறவிடாமல் அடித்து அடித்து, எலும்பு அலுத்துப்போய் விடுகிற விரிசல். தடிப்பைப் பார்த்தால் மாதக் கணக்கு.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வலது முட்டிக்கு ஆபரேஷன் நிச்சயம். நாளையோ மறுநாளோ இந்தப் பெண்ணைக் கட்டிலிலிருந்து எழுப்பி, கக்கத்தில் கட்டை கொடுத்து, “நல்ல காலை ஊனிக்கோம்மா” என்பார்கள். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அந்த ‘நல்ல கால்’ இது. மொத்த உடம்பும் இதன் மேல் இறங்கினால், அந்தக் கறுப்புக் கோடு மறு விளிம்புவரை ஓடிவிடும். அப்புறம் நிற்க ஒரு கால்கூட இல்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆறு ஏழு மாசத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் வெட்டுக்கிளி போன் செய்தாள். “அத்தை, கால் முன்னாடி எலும்பு வலிக்குது, தொட்டாவே வலிக்குது.” வெளியே பதினாலு பேர் வரிசையில் நின்றார்கள். “வளர்ற வயசுடி, எலும்பு நீளுது, தைலம் தேய்ச்சிக்கோ” என்று சொல்லி வைத்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷம் எலும்பைத் தவிர வேறெதையும் பார்க்காதவள் கொடுத்த வைத்தியம் அது. தம்பியைத் திட்ட எடுத்த வார்த்தையெல்லாம் திரும்பி அவள் மேலேயே விழுந்தது. தூ, நீயும் ஒரு அத்தையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

விசில் சீட்டோடு வந்தான். திரைக்கு முன்னால் நின்றான். வலது முட்டியைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஈ ஆடவில்லை. அதுவரைக்கும் மனுஷன்தான். இடது காலைப் பார்த்ததும் கோச் வெளியே வந்துவிட்டான்.

“அக்கா, இந்தப் படத்தை எதுக்கு எடுத்தே?”

“ஏன், உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?”

“அது இல்ல… இதை அழிச்சிடு.”

“என்னது?”

“வலது காலை விபத்துன்னு சொல்லிக்கலாம். விளையாட்டுன்னா விழறதுதான். ஆறு மாசத்துல தேறிடுவா, அடுத்த வருஷம் செலக்‌ஷனுக்குக் கூட்டிட்டுப் போகலாம். இந்த இடது காலைப் பார்த்தா பயிற்சியே தப்புன்னு எழுதிடுவாங்க. என்கிட்ட இருக்கற மத்த பிள்ளைங்களை நாளைக்கே கூட்டிட்டுப் போயிடுவாங்க. என் லைசென்ஸ் போயிடும் அக்கா. பொழைப்பு போயிடும்.”

“இந்தப் படம் டாக்டர் கைக்குப் போகலைன்னா உன் பொண்ணை இந்தக் கால்ல நிக்க வெப்பாங்க. அது ரெண்டா முறியும். தெரியுமா உனக்கு?”

“நான் பார்த்துக்கறேன். கட்டில்லயே வெச்சுக்கறேன்.”

“நீ பார்த்துக்கிட்டது போதாதா? நீ பார்த்துக்கிட்ட லட்சணம்தான் ரெண்டு படமா இங்க மாட்டியிருக்கே!”

“நீ என் அக்காதானா?” என்றான் விசில், குரல் உடைந்து. இந்த வசனத்தை அவன் சின்ன வயசிலிருந்து சொல்லிவருகிறான். வாடகை சைக்கிளை முறித்துவிட்டு வந்தபோதும் சொன்னான். அன்றைக்கு அது வேலை செய்தது, அக்கா பழியை ஏற்றுக்கொண்டு அடி வாங்கினாள்.

“அக்காதான். அதனாலதான் உன்னை இன்னும் செருப்பால அடிக்கல,” என்று சொல்லிக்கொண்டே மூன்று படங்களையும் எலும்பு டாக்டரின் கணினிக்கு அனுப்பினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குச் சோறு போட அவள் தயாராக இல்லை.

வெட்டுக்கிளியை மேசையிலிருந்து தள்ளுகட்டிலுக்கு மாற்றிய பத்து நிமிஷத்தில் எலும்பு டாக்டரே இறங்கி வந்தார். நாற்பது வயது, தூக்கம் போதாத கண்கள், பேச்சில் சுற்றி வளைக்கிற பழக்கம் இல்லை. வெட்டுக்கிளியின் வலது கால் விரல்களைத் தொட்டுப் பார்த்தார், அசைக்கச் சொன்னார், கெண்டைச் சதையை அமுக்கிப் பார்த்தார்.

“வீக்கம் உள்ளுக்குள்ள ஏறினா கால்ல ரத்தம் ஓடாது. இன்னிக்கே ஆபரேஷன். கடைசியா என்ன சாப்பிட்டா?”

“வர்ற வழியில குளுக்கோஸ் தண்ணி குடுத்தேன் டாக்டர்,” என்றான் விசில். “தெம்புக்கு.”

“எதுக்குத் தெம்பு? திரும்பவும் தாண்டறதுக்கா? இனி ஒரு சொட்டுத் தண்ணி தரக் கூடாது. மயக்க ஊசி போட ரெண்டு மணி நேரம் காத்திருக்கணும் இதனால.”

விசில் தலையைக் குனிந்துகொண்டான். அவனைத் திட்டுகிற வேலையை இன்னொருவர் பங்கு போட்டுக்கொண்டதில் அக்காவுக்குக் கொஞ்சம் திருப்தி.

அந்த நேரத்தில் வெட்டுக்கிளியின் அம்மா வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பாதி வகுப்பில் எழுந்து ஓடி வந்திருக்கிறாள், விரலில் இன்னும் சாக்பீஸ் தூள். மகளின் தலையைத் தடவிக்கொண்டு கட்டிலோரம் நின்றாள். புருஷனைப் பார்க்கவில்லை. நாத்தனாரிடம் மட்டும், “ரொம்ப மோசமா அண்ணி?” என்று கேட்டாள்.

இவளைப் பற்றியும் எக்ஸ்ரே அக்காவுக்கு ஒன்றும் உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. பாம்பும் சாகக் கூடாது, தடியும் முறியக் கூடாது என்று பதினைந்து வருஷம் ஓட்டியவள். வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவளுக்கு, வீட்டில் ஒற்றை ஆளைப் பார்த்து ஏன் என்று கேட்க வாய் வராது.

“ரெண்டு காலும்மா,” என்றாள் அக்கா. வேறெப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தம்பி மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் கேஸ் ஷீட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இடது காலைப் பத்தி எனக்கு உண்மை தெரியணும். எத்தனை நாளா வலி, வலி வந்த பிறகும் எவ்வளவு ஓடினா, எப்ப கால் மாத்தினா. சமீபத்து விரிசல்னா மாவுக்கட்டும் ஓய்வும் போதும். ரொம்ப நாளா வலியோட ஓடியிருந்தா அது சுலபத்துல சேராது, அதுக்கும் தகடு வைக்கிறதைப் பத்தி நான் யோசிக்கணும். தப்பா சொன்னீங்கன்னா தப்பா முடிவு எடுப்பேன். கால் இவளோடது. யார் சொல்றீங்க?”

வெளியே தள்ளுவண்டி ஒன்று போனது.

“நான் சொல்றேன் டாக்டர்,” என்றாள் வெட்டுக்கிளி. “ஒரு வாரமாத்தான் வலி. நானேதான் கால் மாத்தினேன். அப்பாவுக்கு எதுவும் தெரியாது.”

அக்கா தம்பியைப் பார்த்தாள். இப்போதாவது வாயைத் திறப்பான் என்று பார்த்தாள். பெற்ற பிள்ளை முட்டி பெயர்ந்து கிடக்கிறபோதும் அப்பனுக்காகப் பொய் சொல்கிறது. கல்லாக இருந்தாலும் கரைந்திருக்கும்.

விசில் வாயைத் திறந்தான்.

“ஆமா டாக்டர். பிடிவாதக்காரி. சொன்னா கேக்கவே மாட்டா.”

சீ! திட்டுவதற்கும் ஒரு தராதரம் வேண்டும், இவன் அதற்கும் கீழே போய்விட்டான். சைக்கிளை முறித்த அன்றே இவனை அடிவாங்க விட்டிருந்தால் இந்தக் காட்சியைப் பார்க்க நேர்ந்திருக்காது என்று அக்கா நினைத்தாள்.

“எழுதாதீங்க டாக்டர்,” என்றாள். “ரெண்டு பேரும் பொய் சொல்றாங்க. ஒண்ணு பயத்துல சொல்லுது, ஒண்ணு வெட்கமில்லாம சொல்லுது. கால் மாத்தச் சொன்னது இவன். நாலு மாசம் ஆச்சு. வலி அதுக்கு முன்னாடியே இருந்திருக்கு. எனக்கு எப்படித் தெரியும்னா, இவ எனக்கு போன் பண்ணி சொன்னா. நான்தான் வளர்ற வலி, தைலம் தேய்னு சொன்னேன். அதையும் எழுதிக்கோங்க. எக்ஸ்ரே எடுக்கறவளே சொன்னான்னு எழுதுங்க.”

“அத்தை சும்மா சொல்றாங்க டாக்டர்,” என்றாள் வெட்டுக்கிளி. “அத்தைக்கு அப்பாவைக் கண்டாலே ஆகாது. எப்பவும் அப்பாவைத் திட்டிக்கிட்டே இருப்பாங்க. நான் போனே பண்ணல.”

எக்ஸ்ரே அக்காவுக்கு இது எங்கே பட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை. அவளுக்குத் தம்பியைக் கண்டால் ஆகாதுதான். தினமும் திட்டினாள்தான். அத்தனை வருஷமும் அவள் நிஜத்தைத்தான் பேசினாள், ஆனால் இன்றைக்கு அது காரியத்துக்கு ஆகவில்லை. எப்போதும் குரைக்கிறதுதானே என்று பிள்ளையே சொல்லிவிட்டது.

டாக்டர் பேனாவை மூடினார். “எனக்கு உங்க குடும்பச் சண்டை வேணாம். ஒரு வாரமா, மாசக் கணக்கா? படம் மாசக் கணக்குன்னு சொல்லுது. எத்தனை மாசம், எவ்வளவு ஓட்டம்? அதைப் படம் சொல்லாது.”

“எட்டு மாசம்,” என்றாள் அம்மா.

எல்லோரும் திரும்பினார்கள்.

“எட்டு மாசமும் பதினோரு நாளும். பள்ளிக்கூடம் திறந்த வாரம் ஆரம்பிச்சுது. தினம் சாயங்காலம் ஐஸ் வெச்சு விட்டது நான்தான். முதல் ரெண்டு மாசம் ஓடி முடிச்சதும் வலிக்கும். அப்புறம் ஓடும்போதே. இப்ப ஒரு மாசமா மாடிப்படி இறங்கினாலும் வலிக்குது. வாரத்துல ஆறு நாள் ஓட்டம். நடுவுல காய்ச்சல் வந்தப்ப நாலு நாள் லீவு. அவ்வளவுதான் ஓய்வு.” கணக்கு டீச்சர் அல்லவா, ஒன்றும் விடாமல் சொன்னாள். குரல் உயரவே இல்லை.

டாக்டர் எழுதிக்கொண்டே போனார். “ஏம்மா, எட்டு மாசம் ஒரு டாக்டர்கிட்டயும் காட்டலையா?”

“காட்டணும்னு சொன்னேன். வலியில்லாம வீராங்கனை ஆக முடியாதுன்னார். நானும் நம்பினேன். நம்பினேன்னு சொல்றதும் பொய். நம்பினா வீட்டுல சண்டை இருக்காது, அதான் நம்பினேன்.”

“அடியே, என்ன பேசறே?” என்றான் விசில்.

“பேசறேன். பேசாம இருந்ததுக்கு ரெண்டு கால் போச்சு.” அவள் இன்னும் அவன் பக்கம் திரும்பவில்லை. “டாக்டர், இவளுக்கு முன்னாடி இன்னொருத்தி இருந்தா. போன வருஷம் இவர்கிட்ட ஓடின பொண்ணு, பதினஞ்சு வயசு. அவளுக்கும் இதே இடம், இதே மாதிரி வலி. ஓடிக்கிட்டு இருக்கும்போதே எலும்பு ரெண்டாப் போச்சு. சரியா சேரல. இன்னிக்கும் சாய்ஞ்சுதான் நடக்கறா. அவ அம்மா எங்க வீட்டுக்கு வந்து என் கையைப் பிடிச்சு அழுதாங்க. ‘உங்க பொண்ணுக்கு எலும்பு பலமில்ல, எங்க வீட்டுக்காரர் மேல தப்பில்ல’ன்னு சொல்லி வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வந்தது நான்.”

“வாயை மூடு!” மைதானத்தில் போடுகிற குரல். பக்கத்து அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

கட்டிலில் ஓர் அசைவு. வெட்டுக்கிளி இரண்டு முழங்கைகளையும் ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தாள். வலியில் முகம் கோணியது, ஆனாலும் விடவில்லை. அத்தை பிடிக்கப் போனாள், அவள் கையைத் தட்டிவிட்டாள். அம்மாவையும் பார்க்கவில்லை. அவளுடைய கண் முழுக்க அப்பா மேல் இருந்தது.

“அப்பா, அந்த அக்கா செலக்ட் ஆகிட்டான்னு சொன்னீங்க. அந்தப் பெரிய ஸ்கூல்ல சேர்ந்துட்டா, அதான் மைதானத்துக்கு வர்றதில்லைன்னு சொன்னீங்க. நாளைக்கு நான் போனா அவளைப் பார்க்கலாம்னுகூடச் சொன்னீங்களே அப்பா?”

விசில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.